இரும்புக் குளிசை எடுத்தும் எச்பி ஏறேல்லை: செம்பு குறைஞ்சால் இரும்பு எங்கே போய் நிக்குது?

குளத்தடி

இந்த இழையிலே எழுதுற எல்லாருக்கும் என்ரை கேள்வி இதுதான். கர்ப்பிணித் தாய்மாரும் வளர்ந்த பிள்ளையளும் இரும்புக் குளிசை எடுக்கினம், மூண்டு மாதம் கழிச்சுப் பார்த்தாலும் எச்பி (இரத்தத்திலே ஈமோகுளோபின் அளவு) 9 இலேயே நிக்குது. உடனே "குளிசையைக் கூட்டுங்கோ" எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். உடம்பிலே செம்பு குறைஞ்சால் இரும்பு எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது எண்டு ஒரு கதை இருக்கு. உண்மையா? உண்மையெண்டால் எப்பிடி நடக்குது? எங்கடை வன்னிச் சாப்பாட்டாலே அது வர இடமிருக்கா?

மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்துத் தாய்மார் குழுக்களிலே கதைக்கிறதுக்குத் தெளிவு வேணும். சொந்தக் கதை வேண்டாம், விஷயத்தை எழுதுங்கோ.

நுணுக்குக்காட்டி

உண்மைதான். ஆனால் "வேலை செய்யாது" என்பதைவிட "வெளியே வராது" என்பது சரியான சொல்.

சாப்பாட்டில் வரும் இரும்பு சிறுகுடலின் முதல் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. குடற்கலத்துக்குள் நுழையும்போது அது இரண்டு மின்னேற்றம் கொண்ட இரும்பு. கலத்தின் மறுபக்கத்தில் ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரு வாசல் இருக்கிறது. இரத்தத்துக்குப் போக அந்த ஒரு வாசல்தான். வெளியே வந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு போகும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். அது மூன்று மின்னேற்றம் கொண்ட இரும்பை மட்டுமே ஏற்றும். இரண்டை மூன்றாக மாற்ற வாசலிலேயே ஒரு நொதியம் நிற்கிறது, பெயர் ஹெஃபெஸ்டின். அந்த நொதியத்துக்குள் செம்பு இருக்கிறது. செம்பு இல்லாவிட்டால் நொதியம் வேலை செய்யாது, இரும்பு குடற்கலத்துக்குள்ளேயே நின்றுவிடும். அந்தக் கலங்கள் சில நாட்களில் உதிர்ந்து மலத்தோடு போகும்போது இரும்பும் சேர்ந்து போகிறது.

இது சின்னப் பாதிதான். பெரிய பாதி வேறு. நாங்கள் ஒரு நாளில் குடலால் உறிஞ்சும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம். ஆனால் எலும்பு மச்சை புதிய செங்குழியம் செய்ய ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் தேவை. மீதி எல்லாம் பழைய செங்குழியங்களை உடைத்து எடுக்கப்படுவது. மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள விழுங்கும் கலங்கள்தான் அதைச் செய்கின்றன. அவற்றிலும் அதே வாசல், அதே மாற்றம். அங்கே மாற்றிக் கொடுப்பது இரத்தத்தில் ஓடும் செருலோபிளாஸ்மின். ஈரல் செய்யும் புரதம். ஒரு மூலக்கூறில் 6 செம்பு அணுக்கள். இரத்தச் சீரத்தில் இருக்கும் செம்பில் பெரும்பங்கு இதற்குள்தான்.

செம்பு குறைந்தால் செருலோபிளாஸ்மின் குறையும். பழைய செங்குழியத்திலிருந்து எடுத்த இரும்பு ஈரலிலும் மண்ணீரலிலும் குவியும். மச்சை பட்டினி கிடக்கும். சண்டைக் காலத்து ஓமந்தைச் சோதனைச் சாவடியை நினையுங்கள்: நெல் முழுக்க லொறியிலே ஏற்றியாயிற்று, கடக்கப் பாஸ் இல்லை. லொறி நிற்கிறது, அந்தப் பக்கம் அரிசி இல்லை. இன்னும் நாலு லொறி நெல் அனுப்பினால் வரிசைதான் நீளும்.

இன்னும் ஒன்று. இரும்பு மச்சைக்குப் போய்ச் சேர்ந்தாலும், செங்குழியமாக வளரும் கலத்தின் இழைமணிக்குள் (கலத்துக்குச் சக்தி செய்யும் பகுதி) அதை ஈமாக, அதாவது ஈமோகுளோபினில் இரும்பு இருக்கும் பகுதியாக, மாற்றும் கட்டத்திலும் செம்பு வேண்டும். சுவாசத் தொடரின் கடைசி நொதியமான சைற்றோகுரோம் சி ஒட்சிடேசு ஒரு செம்பு நொதியம். அது தளர்ந்தால் இரும்பு ஈமுக்குள் சேராமல் இழைமணியில் படியும். சாயமிட்டுப் பார்த்தால் கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் வளையமாகத் தெரியும்.

புதுக் கதையும் இல்லை. 1928 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பொக், எல்வியெம் ஆகியோர் வெறும் பாலில் வளர்த்த எலிகளுக்கு இரத்தச்சோகை வரவைத்தார்கள். சுத்தமான இரும்பு உப்பு கொடுத்தார்கள், சரிவரவில்லை. ஈரலை எரித்த சாம்பலைச் சேர்த்தார்கள், ஏறியது. சாம்பலுக்குள் இருந்த செம்புதான் காரணம் என்று காட்டினார்கள்.

கிளினிக்கொப்பி

நுணுக்குக்காட்டி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இதை வாசிச்சுப்போட்டு எல்லாரும் நாளைக்கே "எனக்குச் செம்பு குறைவு" எண்டு வந்து நிக்கக்கூடாது. எச்பி ஏறாத நூறு பேரிலே செம்பாலே ஏறாத ஆக்கள் மிகமிகக் குறைவு. முதலிலே பார்க்கவேண்டியது வேறை.

குளிசை வீட்டுக்குப் போகுது, வாய்க்குப் போகுதா? வயித்தெரிவு, மலச்சிக்கல், கறுத்த மலம் எண்டு பயந்து கனபேர் பெட்டியிலே வைச்சிருக்கினம். மலம் கறுக்கிறது இரும்பாலே, அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. கறுக்கவே இல்லையெண்டால் குளிசை உள்ளுக்குப் போகேல்லை எண்டு சந்தேகப்படலாம்.

அடுத்தது தேத்தண்ணி. சாப்பிட்ட கையோடை பிளேன்ரீ, அதோடை குளிசை. தேயிலைச் சாயம் இரும்பைக் குடலிலேயே பிடிச்சு வைச்சிடும். முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம், ஏலுமெண்டால் இரண்டு, இடைவெளி விடவேணும். கிளினிக்கிலே தாற கல்சியம் குளிசையையும் இரும்பையும் ஒரே நேரத்திலே விழுங்கக்கூடாது. ஒண்டு பகல், ஒண்டு இரவு. விற்றமின் சி இரும்போடை சேர்த்து எடுக்கலாம், அது உதவும்.

கொக்கிப்புழு. வெறுங்காலோடை தோட்டத்திலே, வயலிலே நிக்கிற ஆக்களுக்குக் குடலிலே இரத்தம் கசியும். ஏத்துறது ஒரு பக்கம், ஒழுகிறது மற்றப் பக்கம். கர்ப்பிணியளுக்கு முதல் மூண்டு மாதம் கழிஞ்சாப்பிறகு பூச்சிக் குளிசை குடுக்கிறது இதுக்குத்தான். மாதவிலக்கு அதிகமாகப் போறதையும் கேட்கவேணும், வெட்கத்திலே சொல்லமாட்டினம்.

பிறகு தலசீமியாக் காவிகள், அதாவது ஈமோகுளோபின் செய்யிற மரபணுவிலே ஒரு குறையைக் காவுற ஆக்கள். அவையிலே கனபேருக்கு இரும்பு குறைவில்லை, அப்பிடியெண்டால் குளிசை குடுத்து ஏறப்போறதும் இல்லை. எஃப்பிசி (முழு இரத்த எண்ணிக்கை) துண்டிலே எம்சிவி (செங்குழியத்தின்ரை சராசரி அளவு) இருக்குது, செங்குழிய எண்ணிக்கை இருக்குது. முதலாவதை இரண்டாவதாலே பிரிச்சுப் பாருங்கோ. 13 இலும் குறைஞ்சால் தலசீமியாப் பக்கம் யோசிக்கவேணும். இது ஒரு சைகைதான். பீற்றாத் தலசீமியாவுக்கு முடிவு சொல்லுறது எச்பி ஏ2 பரிசோதனை.

ஒழுங்காக எடுத்தால் நாலு கிழமையிலே எச்பி குறைஞ்சது 1 ஏறவேணும். ஏறாட்டில் மேலே சொன்னதெல்லாம் பார்த்து முடிச்சாப்பிறகுதான் செம்பு.

குளத்தடி

அக்கா சொன்ன வரிசை விளங்குது. அப்ப ரிப்போட்டைப் பார்த்து "இது வெறும் இரும்புக் குறைவு, இது செம்பாலே வந்தது" எண்டு பிரிக்க ஏலுமா?

நுணுக்குக்காட்டி

ஒரு துண்டை வைத்து ஏலாது. மூன்று நாலு துண்டுகளைச் சேர்த்து வைத்தால் சந்தேகம் எழும்.

வெறும் இரும்புக் குறைவில் முதலில் விழுவது ஃபெரிற்றின், உடம்பின் இரும்புக் களஞ்சியத்தைக் காட்டும் புரதம். பெரியவர்களில் லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் களஞ்சியம் காலி. செம்புக் குறைவில் களஞ்சியம் நிறைந்திருக்கும், சாவி இல்லை. ஆகவே ஃபெரிற்றின் சாதாரணமாகவோ கூடியோ இருக்கும். இங்கே ஒரு குழி. காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம் இருந்தாலும் ஃபெரிற்றின் உயரும், இரும்பு உள்ளே பூட்டப்படும். அது ஹெப்சிடின் என்ற ஈரல் ஓமோன் வாசலை மூடுவதால் வருவது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்காமல் ஃபெரிற்றினை வாசிக்கக்கூடாது.

இரண்டாவது, வெண்குழியம். இரும்புக் குறைவில் வெண்குழியம் குறைவதில்லை. செம்புக் குறைவில் நியூட்ரோபில் என்ற வகை வெண்குழியம் விழும், பல வேளைகளில் எச்பியோடு சேர்ந்தே விழும். இரத்தச்சோகையும் நியூட்ரோபில் குறைவும் ஒன்றாக வந்து, பி12, ஃபோலேற் இரண்டும் சரியாக இருந்தால், என் கணக்கில் அந்த இடத்தில்தான் செம்பைக் கேட்கவேண்டும்.

மூன்றாவது, செங்குழியத்தின் அளவு. இரும்புக் குறைவில் சிறுக்கும். செம்புக் குறைவில் சிறுத்தும் இருக்கலாம், சாதாரணமாகவும் இருக்கலாம், பெருத்தும் இருக்கலாம். இதை வைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். மச்சையை எடுத்துப் பார்த்தால் நான் முன்பு சொன்ன வளையக் கலங்களும், வளரும் கலங்களுக்குள் குமிழ்களும் தெரியும். இந்தத் தோற்றத்தைப் பார்த்து மச்சைப் புற்றுநோயின் முன்கட்டம் என்று முடிவு கட்டிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறைய வந்திருக்கின்றன. செம்பு கொடுத்ததும் மச்சை சுத்தமானது.

சீரச் செம்பின் சாதாரண அளவு டெசிலீற்றருக்கு 70 முதல் 140 மைக்ரோகிராம். சில ஆய்வுகூடங்கள் மைக்ரோமோலில் தரும்; அப்போது 11 முதல் 22. செருலோபிளாஸ்மின் 20 முதல் 40 மில்லிகிராம்.

மாதிரி எடுப்பதில் பிழை நடப்பது எப்படி என்றும் சொல்லவேண்டும். செம்பு, சிங்க் இரண்டுக்கும் சுவட்டு மூலகங்களுக்கென்று உள்ள கருநீல மூடிக் குழாய் வேண்டும். சாதாரணக் குழாயின் இறப்பர் மூடியிலிருந்தே சிங்க் கசிந்து கணக்கைக் குழப்பும். இளநீல மூடிக் குழாய் குருதி உறைதலுக்கானது. இரண்டையும் மாற்றி எடுத்து அனுப்பினால் மாதிரி திரும்பி வரும். வன்னியிலிருந்து மாதிரி வெளியூர் போக எடுக்கும் நாளையும் கணக்கில் வையுங்கள்.

கர்ப்பிணிகளில் இன்னொரு சிக்கல். ஈஸ்திரோஜன் செருலோபிளாஸ்மினை உயர்த்தும்; பிரசவம் நெருங்கும்போது சீரச் செம்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே கர்ப்பிணியில் 90 என்று வந்தால் "சாதாரணம்" என்று ஒதுக்கிவிடக்கூடாது. கருத்தடைக் குளிசை எடுப்பவர்களிலும், தொற்று உள்ளவர்களிலும் இதே கதை.

மருந்துப்பெட்டி

எல்லாரும் செம்பு ஏன் குறையுது எண்டதை விட்டிட்டீங்கள். சாப்பாட்டிலே செம்பு இல்லாமல் குறையிறது பெரியவர்களிலே அரிது. குறைக்கிற ஒண்டை உள்ளே போடுறதாலேதான் அதிகம் குறையுது. அந்த ஒண்டின் பேர் பள்ளிக்கூடப் புத்தகத்திலே நாகம், மருந்துப் போத்தலிலே சிங்க்.

சிங்க் கூடினால் குடற்கலம் மெற்றலோதயோனின் எண்டொரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம் சிங்கைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடிக்கும். பிடிச்ச செம்பு இரத்தத்துக்குப் போகாது, கலம் உதிரும்போது வெளியே. எவ்வளவு பலமான வழி எண்டால், உடம்பிலே செம்பு கூடிப்போற வில்சன் நோய்க்கு இதையே வைத்தியமாகக் குடுக்கினம்: 50 மில்லிகிராம் சிங்க், நாளைக்கு மூண்டு தரம். அதே அளவை முடி கொட்டுது, முகப்பரு, "எதிர்ப்புச் சக்தி" எண்டு ஒருத்தர் மாதக் கணக்கிலே விழுங்கினால், வில்சன் நோயில்லாத உடம்பிலே என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ.

பெரியவர்களுக்குச் சிங்கின் உச்ச வரம்பு நாளைக்கு 40 மில்லிகிராம். தேவை பெண்களுக்கு 8, ஆண்களுக்கு 11. ஆனால் போத்தலிலே இருக்கிற எண்ணை வாசிக்கத் தெரியவேணும். "சிங்க் சல்பேற் 220 மில்லிகிராம்" எண்டால் உள்ளே இருக்கிற சிங்க் கிட்டத்தட்ட 50. "சிங்க் குளுக்கோனேற் 50" எண்டால் உள்ளே 7 தான். உப்பின் நிறையையும் சிங்கின் நிறையையும் மாத்தி வாசிக்கிறதாலே இரண்டு பக்கமும் பிழை வருது. அதோடை பலவிற்றமின், சளிக்கு உறிஞ்சிற குளிசை, மாவிலே கலக்கிற சத்துப்பொடி எல்லாத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், கூட்டினால்தான் தெரியும். சிலவகைப் பல்செட் ஒட்டுப் பசையிலேயும் சிங்க் இருந்து, அதைத் தாராளமாகப் பூசினவர்களுக்கு நரம்பு பாதிச்சிருக்கு.

ஒண்டைத் தெளிவாகச் சொல்லவேணும். வயித்தோட்டத்துக்குப் பிள்ளையளுக்குக் குடுக்கிற சிங்கை இதை வாசிச்சு நிப்பாட்டாதேயுங்கோ. கிளினிக்கிலே சொன்ன அளவிலே பத்து முதல் பதினாலு நாள். அது உலக சுகாதார நிறுவனத்தின்ரை பரிந்துரை, செம்பைத் தொடாத காலம். பிரச்சினை நாளிலே இல்லை, மாதத்திலே.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாக: இரைப்பையை வெட்டின அல்லது குடலை மாத்திப் பொருத்தின சத்திரசிகிச்சை, கோதுமை ஒவ்வாத குடல்நோய், நாள்பட்ட வயித்தோட்டம். செம்பு இரைப்பையிலேயும் சிறுகுடலின்ரை தொடக்கத்திலேயும் உறிஞ்சப்படுகிறதாலே அந்தப் பகுதி போனால் செம்பும் போகும். ஆனால் உடனே தெரியாது, வருசங்கள் கழிச்சுத்தான் வெளியே வரும்.

செம்புக்குடம்

இவ்வளவு மருந்தும் குழாயும் எதுக்கு? எங்கடை பாட்டன் பூட்டன் செம்புக் குடத்திலேதான் தண்ணி வைச்சுக் குடிச்சவை. இரவு நிரப்பி விடிய ரெண்டு தம்ளர். இரத்தச்சோகை வராது. துருசை மிகச் சிறிய அளவிலே சுத்தி செய்து குடுக்கிற முறையும் இருக்கு.

மருந்துப்பெட்டி

துருசு எண்ட சொல்லை இந்த இழையிலே திரும்ப எழுதவேண்டாம், தயவு செய்து. துருசு, மயில்துத்தம் ரெண்டும் ஒண்டு: செப்புச் சல்பேற்று. பயிருக்கு அடிக்கிற பூஞ்சண மருந்துக்குள்ளே போறது. வாயாலே போனால் வாந்தி, குடல் அரிப்பு, செங்குழியம் உடைஞ்சு கறுத்த சிறுநீர், சிறுநீரகம் நிக்கிறது. இரத்தம் ஏத்தப்போய் இருக்கிற இரத்தத்தை உடைக்கிற வேலை. கடைத் துருசிலே வேறை உலோகமும் கலந்திருக்கும். வீட்டிலே செய்யிற "சுத்தி"யாலே அது மருந்தாகாது.

குடத்துத் தண்ணிக்கு எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் எவ்வளவு கரையும் எண்டது தண்ணியைப் பொறுத்தது. புளிப்பான தண்ணி கூடக் கரைக்கும். குடத்தின்ரை உட்பக்கத்திலே சுண்ணாம்புப் படை பிடிச்சிருந்தால் தண்ணி செம்பைத் தொடவே தொடாது. மருந்தெண்டால் அளவு தெரியவேணும், குடத்திலே அளவு தெரியாது. குடிதண்ணியிலே செம்பு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேலே போகக்கூடாது எண்டது உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். மோர், தேசிக்காய்த் தண்ணி, பழப்புளி எதையும் ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்திலே வைக்காதேயுங்கோ. குமட்டல், வயித்துவலி வாறது அப்பிடித்தான். வீட்டிலே வில்சன் நோயுள்ள ஆள் இருந்தால் குடமே வேண்டாம்.

செம்புக்குடம்

சரி, துருசை விடுறன். குடத்தை விடமாட்டன்.

எள்ளுத்தோட்டம்

குடத்தை விடவேண்டாம், ஆனால் சட்டியைப் பாருங்கோ. பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு வேண்டிய செம்பு 0.9 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு 1, பால்குடுக்கிற தாய்க்கு 1.3. ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு 0.34. மிகச் சின்னக் கணக்கு. வன்னிச் சமையலறையிலே இது கிடைக்காமல் போக நியாயமே இல்லை.

100 கிராமுக்கு ஏறத்தாழ இவ்வளவு: எள்ளு 4 மில்லிகிராம், மரமுந்திரிகைப் பருப்பு 2.2, கணவாய் 1.9, கச்சான் 1.1, நண்டு 0.8. அதாவது ஒரு மேசைக்கரண்டி எள்ளிலே 0.35 க்கு மேலே. ஒரு எள்ளுருண்டையும் ஒரு கைபிடி கச்சானும் நாளின் முக்கால் பங்கை முடிச்சிடும். முல்லைத்தீவுக் கரையிலே கணவாய் மலிவாக வாற நாளிலே ஒரு கறி வைச்சால் இரண்டு நாளுக்கான செம்பு. நண்டுக்குச் செம்பு வாறது ஆச்சரியமில்லை: எங்கடை இரத்தத்திலே ஒட்சிசன் காவுறது இரும்பு, நண்டு கணவாய் இரத்தத்திலே அதே வேலையைச் செய்யிறது செம்பு. அதனாலேதான் அதுகளின்ரை இரத்தம் நீலம்.

ஈரல் எண்டால் எல்லாம் ஒண்டெண்டு நினைக்கவேண்டாம். மாட்டீரல் 100 கிராமிலே 10 மில்லிகிராமுக்கும் மேலே செம்பு. கோழியீரலிலே அரை மில்லிகிராம் அளவுதான். இரும்புக்கு நல்லது, செம்புக்குச் சுமார். கர்ப்பிணியள் ஈரலை அடிக்கடி சாப்பிடக்கூடாது, விற்றமின் ஏ மிஞ்சிப்போகும்.

எங்கே குறையும் எண்டால்: சோறு ஒரு கோப்பையிலே 0.1 அளவுதான், பாலிலே கிட்டத்தட்ட இல்லை. வெறுஞ் சோறும் சொதியும், பாணும் சீனித் தேத்தண்ணியும், பிள்ளைக்குப் பால்மாவும் எண்டு மாதக்கணக்கிலே போற வீட்டிலே செம்பு மட்டுமட்டாக இருக்கும். அதே சாப்பாட்டிலே இரும்பும் குறைவு, புரதமும் குறைவு. செம்பை மட்டும் தனியாகக் குற்றம் சொல்ல ஏலாது. பருப்பு, பயறு, கௌபி, உழுந்து, குரக்கன் எதையாவது ஒண்டைத் தினமும் சேர்த்தாலே நிலைமை மாறும். முளைக்கவைச்ச பயறிலே இரும்பைப் பிடிச்சு வைக்கிற ஃபைற்றேற் குறையும், இரும்பு கூட உறிஞ்சும்.

கிளினிக்கொப்பி

பால்மா எண்டு சொன்னதை நான் இழுத்துப் பிடிக்கிறன், ஏனெண்டால் பிள்ளையளிலே செம்பு உண்மையாகக் குறையிற இடம் அதுதான்.

பிள்ளை பிறக்கேக்கை ஈரலிலே செம்பைச் சேர்த்துக்கொண்டுதான் வருது. அந்தச் சேமிப்பு கடைசி மூண்டு மாதத்திலேதான் நடக்கும். குறைமாதத்திலே பிறந்த பிள்ளைக்குச் சேமிப்பு இல்லை. தாய்ப்பாலிலே செம்பு கொஞ்சம், ஆனால் நல்லா உறிஞ்சும். பசுப்பாலிலே அதிலும் குறைவு, உறிஞ்சிறதும் குறைவு. 1964 இல் பெரு நாட்டிலே கொர்டானோவும் கூட ஆய்வு செய்தவர்களும் எழுதினது இதுதான்: போசாக்குக் குறைஞ்ச பிள்ளையளைப் பால் உணவாலே தேத்தேக்கை நிறை ஏறுது, இரும்பும் குடுக்கினம், ஆனால் இரத்தச்சோகை போகேல்லை, நியூட்ரோபில் விழுது, எலும்பு மெலியுது. செம்பு குடுத்ததும் திரும்பினது. பிள்ளை வேகமாக வளரேக்கைதான் பற்றாக்குறை வெளியே தெரியும்.

ஆகவே ஆறு மாதம் முடிஞ்சாப்பிறகு பால்மாவைப் பிரதான சாப்பாடாக வைக்காதேயுங்கோ. கஞ்சியிலே பருப்பு, முருங்கையிலை, வறுத்து அரைச்ச எள்ளு அரைத் தேக்கரண்டி, பிறகு மீன். எள்ளைப் புதுசாகக் குடுக்கேக்கை முதல் நாள் கொஞ்சமாகக் குடுத்துத் தடிப்பு வருதா எண்டு பாருங்கோ. கச்சானை முழுசாகக் குடுக்கவே கூடாது, தொண்டையிலே சிக்கும். அரசாங்கம் தாற திரிபோஷாச் சத்துமா கிடைச்சால் அதைப் பிள்ளைக்கே குடுங்கோ. வீட்டிலே எல்லாருக்கும் உருண்டை பிடிச்சால் பிள்ளைக்கு ஒரு வாய்தான் மிஞ்சும்.

பட்டியடி

மனிசரை விட்டு மாட்டுக்கு வாறன், ஏனெண்டால் செம்பு இரும்பை எப்பிடி மறிக்குது எண்டதைப் பட்டியிலே கண்ணாலே பார்க்கலாம்.

கறுத்த மாடு செங்காவி நிறமாக மாறுது, கண்ணைச் சுத்திக் கண்ணாடி போட்டமாதிரி வெளிறுது, மயிர் முரடாகுது: முதலிலே செம்பை நினையுங்கோ. மயிருக்கு நிறம் குடுக்கிற நொதியமும் செம்பிலேதான் ஓடுது. பிறகு கழிச்சல், சோகை, சினை பிடிக்காமை. சினையாட்டுக்குச் செம்பு குறைஞ்சால் குட்டி பிறக்கேக்கை அல்லது சில கிழமையிலே பின்னங்கால் தள்ளாடும், எழும்பாது. அது நரம்புறை உருவாகாததாலே வாறது. குட்டிக்குப் பிறகு செம்பு குடுத்துத் திருத்த ஏலாது, தாய்க்கு முன்னமே குடுத்திருக்கவேணும்.

அசைபோடுற மிருகத்திலே காரணம் வேறை. முதலிரைப்பையிலே மொலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து செம்பைக் கரையாத சேர்வையாக்கிவிடும். தீவனத்திலே செம்பு இருந்தும் உடம்புக்குப் போகாது. இரும்பும் எதிரிதான். தீவனம், மண், தண்ணி மூண்டிலேயும் சேர்த்து உலர்நிறைக் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்கு மேலே இரும்பு போனால் மாட்டின்ரை ஈரற்செம்பு இறங்கும். குழாய்க்கிணத்துத் தண்ணி தொட்டியிலே சிவப்பாகப் படியுதெண்டால், கோடையிலே புல்லை ஒட்ட மேயேக்கை மண்ணும் சேர்ந்து வயித்துக்குள்ளே போகுதெண்டால், அதைக் கணக்கிலே எடுங்கோ. தண்ணியை ஒரு நாள் தொட்டியிலே விட்டுத் தெளிய வைச்சு மேல்தண்ணியைக் குடுத்தாலே இரும்பு குறையும்.

ஒரு எச்சரிக்கை. மாட்டுக்கு வாங்கின தாது உப்புக்கட்டியைச் செம்மறிக்கு வைக்காதேயுங்கோ. செம்மறி செம்பை ஈரலிலே சேர்த்துச் சேர்த்து வைச்சு, ஒரு நாள் ஒரேயடியாக இரத்தத்துக்கு விடும். மஞ்சள் பிடிச்சுச் சாகும். வெள்ளாடு அவ்வளவு மோசமில்லை.

குளத்தடி

இரும்பு கூடினால் செம்பு இறங்கும் எண்டது மாட்டுக்கு. மனிசருக்கும் அப்பிடியா? அப்பிடியெண்டால் எச்பி ஏறாத ஆளுக்குக் குளிசையைக் கூட்டுறது இன்னும் கெடுதலாகுமே?

நுணுக்குக்காட்டி

எலிகளில் இது தெளிவாக நிரூபிக்கப்பட்டது. மனிதரில் கிளினிக் அளவான 60 முதல் 65 மில்லிகிராம் இரும்பு, ஓரளவு நல்ல சாப்பாடு இருக்கும் ஆளைச் செம்புக் குறைவுக்குள் தள்ளாது. அதற்காகக் குளிசையை நிறுத்தக்கூடாது. ஆனால் ஏற்கெனவே செம்பு குறைந்த ஒருவருக்கு இரும்பை இரட்டிப்பாக்குவதால் பயன் இல்லை, ஈரலில் படிவது கூடும். ஊசியால் ஏற்றினால் குடல் வாசலைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பார்கள். ஊசி இரும்பும் முதலில் விழுங்கும் கலங்களுக்குள்தான் போகிறது, அங்கிருந்து அதே வாசலால்தான் வெளியே வரவேண்டும்.

மருந்துப்பெட்டி

அப்ப என்ரை நிலைப்பாடு: எச்பி ஏறாத எல்லாருக்கும் சீரச் செம்பு எடுக்கவேணும். ஒரு குழாய் இரத்தம்தானே.

கிளினிக்கொப்பி

இல்லை. அந்தக் குழாய் இரத்தத்துக்குக் காசும் பயணமும் இருக்கு. துணுக்காயிலே இருந்து ஒரு தாய் அதுக்காக ஒரு நாள் கூலியை விட்டு வாறா, ரிப்போட் சாதாரணம் எண்டு வரும், ஏனெண்டால் அவ கர்ப்பிணி. பிறகு உண்மையாகவே தேத்தண்ணிதான் காரணம் எண்டு சொன்னாலும் கேட்கமாட்டா. தெரிஞ்செடுத்து எடுக்கவேணும்: நியூட்ரோபில் குறைஞ்சவை, நடை தள்ளாடுறவை, வயித்துச் சத்திரசிகிச்சை செய்தவை, சிங்க் மாதக் கணக்கிலே எடுத்தவை.

நுணுக்குக்காட்டி

அக்கா பக்கம்தான் நான். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: தள்ளாட்டத்தைக் காத்திருக்க வைக்கக்கூடாது. கால் விரலில் விறைப்பு, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம், கண்ணை மூடி நின்றால் சாய்தல் என்றால் முள்ளந்தண்டின் பின்பக்க நரம்புப் பாதை பாதிக்கப்பட்டிருக்கலாம். பி12 குறைவிலும் அச்சொட்டாக இதேதான் வரும், இரண்டும் ஒரே ஆளில் சேர்ந்தும் வரும், குறிப்பாக இரைப்பை வெட்டியவர்களில். பி12 ஊசி போட்டும் நடை மோசமாகிக்கொண்டே போனால் அன்றைக்கே செம்பும் சிங்கும் எடுக்கவேண்டும். காரணம் இதுதான்: செம்பு கொடுத்தால் எச்பியும் நியூட்ரோபிலும் 4 முதல் 12 கிழமைக்குள் திரும்பிவிடும். நரம்பு அப்படி இல்லை. மோசமாவது நிற்கும், இழந்தது முழுதாகத் திரும்புவது அரிது.

மருந்துப்பெட்டி

சரி, தெரிஞ்செடுத்து எண்டதை ஏற்கிறன். வைத்தியத்தையும் ஒருக்கா எழுதிவிடுறன், ஆனால் இது கடையிலே வாங்கிக் குடிக்கிறதுக்கில்லை. வாயாலே செம்பு நாளைக்கு 2 மில்லிகிராமிலே இருந்து, கடுமையெண்டால் 8 வரை தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பினம். குடல் உறிஞ்சாதவருக்கு நாளத்தாலே. சிங்க் காரணமெண்டால் முதலிலே சிங்கை நிப்பாட்டவேணும். நிப்பாட்டாமல் செம்பு குடுக்கிறது ஓட்டை வாளியிலே தண்ணி அள்ளுறது. நிப்பாட்டினாலும் உடம்பிலே சேர்ந்த சிங்க் வெளியே போகக் கனகாலம் எடுக்கும், ஆகவே இரண்டு கிழமையிலே முடிவு கட்டாதேயுங்கோ. வைத்தியத்துக்கு முதல் செருலோபிளாஸ்மின் குறைவு எண்டது வில்சன் நோயாலே இல்லை எண்டு உறுதிப்படுத்தவேணும். அங்கேயும் செருலோபிளாஸ்மின் குறையும், ஆனால் ஈரலிலே செம்பு நிரம்பிவழியும். அந்த ஆளுக்குச் செம்பு குடுத்தால் நஞ்சு குடுத்தது.

குளத்தடி

நன்றி எல்லாருக்கும். தாய்மார் குழுவிலே கடைசியாக ஒண்டு கேட்பினம்: கிளினிக்குக்குப் போகேக்கை என்ன சொல்லவேணும்? "செம்பு பாருங்கோ" எண்டு சொன்னால் டொக்டர் சிரிப்பாரே.

கிளினிக்கொப்பி

செம்பு எண்டு சொல்லத் தேவையில்லை. குளிசை எந்த நேரம், எதோடை எண்டு சொல்லுங்கோ. முந்தின எஃப்பிசி துண்டுகளை எறியாமல் கொண்டு வாங்கோ. ஒரு துண்டிலே தெரியாத வெண்குழிய இறக்கம் மூண்டு துண்டை அடுக்கினால் தெரியும். வயித்திலே வெட்டு இருந்தால் எந்த வருசம், என்ன சத்திரசிகிச்சை எண்டு அட்டையைக் காட்டுங்கோ. வெளிநாட்டிலே இருந்து சொந்தக்காரர் அனுப்பின சத்துக் குளிசைப் போத்தல் எல்லாத்தையும் ஒரு பையிலே போட்டுக் கொண்டு வாங்கோ. பேரை எழுதிக்கொண்டு வரவேண்டாம், போத்தலையே கொண்டு வாங்கோ. முன்பக்கத்திலே "தலைமுடி, நகம், தோல்" எண்டுதான் இருக்கும். சிங்க் எவ்வளவு எண்டது பின்பக்கத்திலே, சின்ன எழுத்திலே.